சித்திரகுப்தன் ஏடும் கிருமியின் ஏடும்

(ஓசூரில் ஆலைத் தொழிலாளர்களும் சுற்றுப்புறக் கிராமத்தாரும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயத்தைக் கேட்டவுடன் உங்களில் சிலர் முகத்தைச் சுளித்துக்கொள்ளக்கூடும். "கடவுளைப் பற்றிப் பேசினார்கள், புராணத்தைப் பற்றிப் பேசினார்கள், இப்போது மேகவியாதியைப் பற்றியும் மேடையேறிப் பேச வந்துவிட்டார்களே" என்று சிலர் சொல்லவும் கூடும். தாய்மார்கள் இருக்கின்ற கூட்டத்தில் இதைப் பேசலாமா என்று இக்கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர்களே நம்மிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். இந்த வியாதி தாய்மார்களை விட்டுவிட்டு ஆண்களுக்கு மாத்திரம் வருகின்றதென்றால் தாய்மார்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பேசலாம். வியாதிக்கு இல்லாத வெட்கம் நமக்கு மாத்திரம் எதற்கு என்று அவர்களுக்குப் பதில் சொன்னோம்.

நாம் டாக்டர் அல்ல. பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரும் அல்ல. டாக்டர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் எழுதியிருப்பதைத் தேடிப் படித்து, விளங்காததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, விளங்கிய மட்டில் உங்களுக்குச் சொல்ல வந்திருக்கின்றோம். இதையும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்பிவிடாமல் உங்கள் சொந்த அறிவைக்கொண்டு ஆலோசித்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

வெட்டை என்னும் வியாதி

நம் கிராமங்களில் வெட்டை என்றும் மேகவெட்டை என்றும் சொல்லப்படுகின்ற வியாதியைத்தான் டாக்டர்கள் கொனோரியா என்கின்றார்கள். உடலுறவின் மூலம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது. ஆணுக்கு வந்தால் சில நாட்களுக்குள் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் சீழும் காணும். அவனுக்குத் தெரிந்துவிடும். ஆனால் பெண்களில் பெரும்பாலோருக்கு ஒரு குறியும் தெரிவதில்லை. ஒன்றும் இல்லை என்று அவள் இருக்கையிலேயே அது கருப்பைக்கும் கருக்குழாய்களுக்கும் ஏறி, அவற்றைப் புண்ணாக்கி, அடைத்துவிடவும் கூடும். பிறகு பிள்ளையில்லை என்று ஊர் அவளை மலடி என்கின்றது. வியாதியோடு பிள்ளை பெற்றாலோ, பிறக்கும் குழந்தையின் கண்ணில் கிருமி ஒட்டி, கவனிக்காவிட்டால் பார்வையே போய்விடலாம். (பெண்களுக்கு வெள்ளைபடுவதெல்லாம் இந்த வியாதியே என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.)

உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்புப்படி 2020ஆம் ஆண்டு ஒன்றில் மாத்திரம் 15 வயது முதல் 49 வயது வரை உள்ளவர்களில் 8 கோடியே 20 லட்சம் பேருக்குப் புதிதாக இது தொற்றியிருக்கின்றது. இவ்வளவு பேருக்கு வருகின்ற ஒன்றுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் "சூடு" என்பதும், நாம் செய்யும் வைத்தியம் இளநீர் குடிப்பதும், பேருந்து நிலையத்துச் சுவரில் "இரகசிய வியாதிகளுக்கு லாட்ஜில் ஆலோசனை" என்று ஒட்டியிருப்பவனைத் தேடிப் போவதுமாக இருந்தால், நமக்கு அறிவு இருந்து என்ன பிரயோஜனம்?

பாவத்தின் கூலியா?

இந்த வியாதி வந்தவனை, அவன் செய்த பாவத்திற்குக் கடவுள் கொடுத்த கூலி என்று பெரியவர்கள் சொல்லுகின்றார்கள். யமலோகத்தில் சித்திரகுப்தன் என்று ஒரு கணக்கப்பிள்ளை உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவன் செய்யும் பாவத்தையும் ஏட்டில் எழுதுகிறானாம். அந்தக் கணக்குப்படிதான் வியாதி வருகிறதாம்.

சரி, அப்படியே இருக்கட்டும். புருஷன் வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வியாதியால் கருக்குழாய் அடைபட்டுப்போன பெண்சாதி செய்த பாவம் என்ன? பிறந்த மூன்றாம் நாள் கண்ணில் சீழ் வைத்த குழந்தை செய்த பாவம் என்ன? "அது முன் ஜென்மத்துக் கணக்கு" என்று ஒரு பதில் வைத்திருக்கின்றார்கள். கேட்க முடியாத இடத்தில் கணக்கை வைத்துக்கொண்டு, பார்க்க முடியாத ஏட்டைக் காட்டிப் பயமுறுத்துவதற்குப் பெயர் தர்மமா, பித்தலாட்டமா என்று கேட்கின்றோம்.

1879ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஆல்பர்ட் நைசர் என்ற இளம் டாக்டர் வெட்டை வியாதிக்காரர்களின் சீழைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். காப்பிக்கொட்டை இரண்டை முகத்தோடு முகம் சேர்த்தாற்போல் ஜோடி ஜோடியாக ஒரு கிருமி இருப்பதைக் கண்டார். பணக்காரன் சீழிலும் அதுதான், ஏழை சீழிலும் அதுதான், மாதாகோவிலுக்குப் போகிறவன் சீழிலும் அதுதான். அன்றைக்கே சித்திரகுப்தன் உத்தியோகம் போய்விட்டது. ஆனால் நம் நாட்டில் மாத்திரம் இன்னும் அவனுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கின்றோம்.

மருந்துகள் தோற்ற கதை

கிருமி என்று தெரிந்த பிறகு மருந்து வந்தது. 1930களின் நடுவில் சல்பா மருந்து வந்தது. பத்து வருஷங்கள் ஆவதற்குள் பெரும்பாலோரிடம் அது பலிக்காமற்போயிற்று. 1943 முதல் பெனிசிலின் வந்தது. முதலில் கொஞ்சம் கொடுத்தாலே போதுமாயிருந்தது. பிறகு கூட்டிக்கூட்டிக் கொடுத்து, 1970களில் ஒரே தடவையில் 48 லட்சம் யூனிட் போடவேண்டிய நிலைமை வந்தது. 1976இல் பெனிசிலினை உடைத்தெறியும் சக்தி படைத்த கிருமியே வந்துவிட்டது. 1985இல் டெட்ராசைக்ளின் மருந்தை வெகுவாக எதிர்த்து நிற்கும் கிருமி வந்தது. பிறகு சிப்ரோ என்று நீங்களெல்லாம் அறிந்த சிப்ரோஃப்ளாக்சசின் வந்தது. 2007இல் அமெரிக்கா அதை இந்த வியாதிக்குக் கொடுக்க வேண்டாமென்று நிறுத்திற்று. செஃபிக்சிம் மாத்திரையை முதல் மருந்தாகக் கொடுப்பதை 2012இல் அதே நாடு நிறுத்திற்று. இப்போது பெரும்பாலான நாடுகள் நம்பிக்கொண்டிருப்பது செஃப்ட்ரையாக்சோன் என்னும் ஊசி மருந்து ஒன்றைத்தான்.

அதற்கும் ஆட்டம் வந்துவிட்டது. 2024ஆம் ஆண்டிற்கு இந்தியா உள்பட 12 நாடுகள் உலக சுகாதார ஸ்தாபனத்துக்குக் கொடுத்த கணக்கைப் பாருங்கள். 2022இல் செஃப்ட்ரையாக்சோனுக்கு அடங்காத கிருமி 100க்கு ஒன்றுகூட இல்லை, 0.8 தான். 2024இல் அது 5 ஆகிவிட்டது. செஃபிக்சிமுக்கு அடங்காதது 1.7இலிருந்து 11 ஆகிவிட்டது. சிப்ரோவுக்கு அடங்காததோ 100க்கு 95. அதாவது, கடைக்குப் போய் "சிப்ரோ கொடு" என்று வாங்கி விழுங்குகிறவன் இந்த வியாதிக்கு அநேகமாகச் சுண்ணாம்பு மாத்திரையைத்தான் விழுங்குகிறான் என்று அர்த்தம்.

ஏன் தோற்கின்றன?

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. நம் கிருஷ்ணகிரி, இராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிற விவசாயிக்கு இது தெரியும். ஒரே பூச்சிமருந்தை அரையும் குறையுமாக அடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகின்றது? பலவீனமான பூச்சி சாகின்றது. எப்படியோ தாங்கிக்கொண்ட நாலு பூச்சி பிழைத்து, தோட்டம் முழுவதும் அவற்றின் வம்சமாகிவிடுகின்றது. அடுத்த வருஷம் அந்த மருந்து தண்ணீருக்குச் சமம். கிருமியும் அப்படியே.

இந்தக் கிருமிக்கு இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. பக்கத்தில் செத்துக்கிடக்கும் வேறு கிருமிகளின் மரபுச் சரக்கை எடுத்துத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். நம் எல்லோருடைய தொண்டையிலும் இதற்குச் சொந்தக்காரர்களான சாதுவான கிருமிகள் குடியிருக்கின்றன. சளிக்கும் இருமலுக்குமென்று நாம் கண்ட மாத்திரைகளை விழுங்கும்போது அந்தச் சாதுக்கள் மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்ளுகின்றன. வெட்டைக் கிருமி தொண்டைக்கு வந்தால், அவை கற்ற வித்தையை இது இனாமாகப் பெற்றுக்கொள்ளுகின்றது. செஃபிக்சிம் தோற்பதற்கு முக்கிய காரணமான "பென்-ஏ" என்னும் மரபுப் பகுதி, பல துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த சட்டை மாதிரி இப்படித் தொண்டைக் கிருமிகளிடமிருந்து வாங்கிச் சேர்த்ததாகவே இருக்கின்றது. பாருங்கள், கலப்பினால் பலம் வரும் என்பது கிருமிக்குத் தெரிந்திருக்கின்றது. ஜாதியைக் கட்டிக்கொண்டு அழும் நமக்குத்தான் தெரியவில்லை!

நிற்க, மருந்து அரைகுறையாக விழுங்கப்படுவது ஏன்? இங்கேதான் நம் பிரசாரத்திற்கும் இந்த வியாதிக்கும் உள்ள சம்பந்தம் வருகின்றது. நாம் அறிந்த ஒரு தோழர், கடைசல் பட்டறைத் தொழிலாளி, கலியாணமாகி நாலு வருஷம். ஒரு தடவை வெட்டை கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று ஷிப்டு முடிந்து ராத்திரி ஒரு மருந்துக்கடைக்குப் போய், "அண்ணா, ரொம்பச் சூடு, ஒரு நல்ல மாத்திரையாகக் கொடுங்கள்" என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கடைக்காரர் கேள்வி கேட்காமல் இரண்டு மாத்திரை கொடுத்தார். எரிச்சல் குறைந்தது. மூன்று மாதத்தில் திரும்ப வந்தது. இந்தத் தடவை எல்லைக்கு அப்பால் வேறு கடை, வேறு மாத்திரை. இப்படி மூன்று தடவை. இந்த மூன்று தடவையிலும் பெண்சாதிக்கு ஒரு மாத்திரைகூடக் கொடுக்கவில்லை. கொடுத்தால் காரணம் சொல்லவேண்டுமே! அந்தம்மாளோ பிள்ளை வரம் கேட்டு அரசமரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருவரையும் சேர்த்துப் பார்த்து வைத்தியம் செய்தார்கள். வியாதி தீர்ந்தது. ஆனால் அந்தம்மாளுடைய குழாய்கள் அடைபட்டுவிட்டன என்று டாக்டர் சொன்னாராம். அந்தத் தோழர் நம்மிடம் வந்து, "அண்ணே, முதல் நாளே போயிருப்பேன். என்ன நினைப்பார்களோ என்ற பயம்தான்" என்று சொல்லி அழுதார்.

அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தது யார்? பாவம், கற்பு, நரகம் என்று பிறந்தது முதல் அவர் காதில் ஓதியவர்கள் அல்லவா? ஆகவே, மருந்தைத் தோற்கடித்ததில் கிருமிக்குப் பாதிப் பங்கு என்றால் வெட்கத்திற்குப் பாதிப் பங்கு என்று துணிந்து சொல்லுவோம்.

கிருமியின் ஏடு

இப்போது இன்னொரு கணக்கு ஏட்டைப் பற்றிச் சொல்லுகின்றோம். இது யமலோகத்தில் இல்லை. எந்த மனிதனும் பார்க்கலாம், படிக்கலாம்.

ஒவ்வொரு உயிரின் உடம்பிலும் அது எப்படி இருக்கவேண்டும் என்பது டி.என்.ஏ. என்னும் நூலில் எழுதப்பட்டிருக்கின்றது. எழுத்துகள் நாலே நாலுதான்: ஏ, சி, ஜி, டி. வெட்டைக் கிருமியின் நூலில் ஏறக்குறைய 21 லட்சத்து 50 ஆயிரம் எழுத்துகள். பக்கத்துக்கு 2,000 எழுத்து என்று அச்சடித்தால் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு புத்தகம். வியாதிக்காரரிடமிருந்து பஞ்சுக்குச்சியில் சீழை எடுத்து, அந்தக் கிருமியை வளர்த்து, உடைத்து, நூலைப் பிரித்து, துண்டு துண்டாக இயந்திரத்தில் படித்து, கம்ப்யூட்டரில் கோத்துவிட்டால், இந்தப் புத்தகம் முழுவதையும் சில நாட்களில் வாசித்துவிடலாம். உள்ளங்கையில் அடங்கும் வாசிக்கும் இயந்திரம்கூட வந்துவிட்டது.

வாசித்து என்ன பயன்? இரண்டு பயன் உண்டு. முதலாவது, எந்த மருந்து பலிக்காது என்பது அதில் எழுதியிருக்கும். உதாரணமாக, "ஜைர்-ஏ" என்ற பகுதியில் 91ஆவது இடத்தில் மூன்றெழுத்துச் சொல் ஒன்று இருக்கின்றது. அதன் நடுவெழுத்து "சி"யாக இருக்கவேண்டும். அது "டி"யாக மாறிவிட்டால் சிப்ரோ பிடிக்க வேண்டிய பிடி நழுவிவிடும். 21 லட்சத்தில் ஓரெழுத்து! அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது, அந்தக் கிருமி எந்த வம்சத்தைச் சேர்ந்தது, எங்கிருந்து வந்தது என்பது தெரியும். கிருமி பெருகும்போது வருஷத்திற்குச் சில எழுத்துகள் தவறிப் பதிவாகும். ஒரே பத்திரத்தைப் பல குமாஸ்தாக்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் நகல் எடுத்தால், ஒரே பிழை எந்தெந்த நகலில் இருக்கின்றது என்று பார்த்து எதிலிருந்து எது வந்தது என்று சொல்லிவிடலாமல்லவா? அதே வேலைதான். இரண்டு ஊர்களில் கிடைத்த கிருமிகளின் எழுத்துகள் அநேகமாக ஒன்றாயிருந்தால், அண்மையில் பிரிந்த உடன்பிறப்புகள் என்று தெரிந்துகொள்ளலாம்.

இது புதிய மாயமல்ல. கொரோனாக் காலத்தில் டெல்டா, ஒமிக்ரான் என்று பெயர் கேட்டீர்களே, அவை இப்படி எழுத்தைப் படித்துக் கண்டுபிடித்த வம்சங்கள்தான்.

உலகம் படித்த பக்கங்கள்

இந்த ஏட்டைப் படித்து மேல்நாட்டாரும் கீழ்நாட்டாரும் கண்ட சங்கதி ஒன்றைக் கேளுங்கள். 2015ஆம் ஆண்டு ஜப்பானில் செஃப்ட்ரையாக்சோனுக்கு அடங்காத ஒரு கிருமி கிடைத்தது. அதற்கு எஃப்.சி. 428 என்று பெயரிட்டார்கள். இதற்கு முன்னும் இப்படிப்பட்ட கிருமி ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் 2009இல் கிடைத்ததுண்டு. ஆனால் அது பரவாமல் அடங்கிவிட்டது. இதுவும் அப்படியே போய்விடும் என்று நினைத்தார்கள். 2017இல் கனடாவிலும் டென்மார்க்கிலும் ஆஸ்திரேலியாவிலும் மருந்துக்கு அடங்காத கிருமிகள் கிடைத்தன. எழுத்தைப் படித்து ஒப்பிட்டபோது எல்லாம் அந்த ஜப்பான் கிருமியின் வம்சமே என்று தெரிந்தது. ஏட்டைப் படித்திராவிட்டால், நாலு நாட்டில் நாலு தனிச் சம்பவம் என்று நாலு டாக்டர்களும் சும்மா இருந்திருப்பார்கள்.

2018இல் இங்கிலாந்தில் ஒரு வியாதிக்காரர் வந்தார். தென்கிழக்கு ஆசியாவில் தொற்றிக்கொண்டது. செஃப்ட்ரையாக்சோன், அசித்ரோமைசின் ஆகிய இரண்டு மருந்துகளுமே பலிக்காத கிருமி. உலகத்தில் அப்படிப்பட்டது அதுவே முதல். கடைசியில் எர்டாபெனம் என்னும் மருந்தை 3 நாள் நரம்பு வழியாக ஏற்றிக் குணப்படுத்தினார்கள். அவருக்குக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஆஸ்பத்திரி இருந்தது, பிழைத்தார். அதே கிருமி நம் ஊர் மருந்துக்கடை வாசலில் ராத்திரி ஒன்பது மணிக்குத் தலைகுனிந்து நிற்பவனுக்கு வந்திருந்தால்?

58 நாடுகளில் ஐம்பது வருஷங்களுக்கு மேற்பட்ட காலத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருந்த 419 கிருமி மாதிரிகளின் ஏடுகளைப் படித்து 2019இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. மனிதன் எந்த மருந்தை எப்போது உபயோகித்தானோ, அதன் தடம் கிருமியின் ஏட்டில் அப்படியே இருப்பதை அதில் காணலாம். சித்திரகுப்தன் எழுதுவதாகச் சொல்லுவது நாம் செய்த பாவத்தை. கிருமி எழுதி வைத்திருப்பதோ நாம் விழுங்கிய மருந்தை. இரண்டில் எது உண்மைக் கணக்கு?

எல்லைச் சாவடி

தோழர்களே! இதை ஓசூரில் வந்து ஏன் சொல்லுகின்றோம்? உங்கள் ஊரைப் பாருங்கள். காஷ்மீரத்திலிருந்து கன்னியாகுமரி போகும் 44ஆம் நம்பர் நெடுஞ்சாலை கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் புகுந்து போகின்றது. இந்தப் பக்கம் ஜூஜுவாடி, அந்தப் பக்கம் அத்திப்பள்ளி. காலையில் அங்கே வேலைக்குப் போய் மாலையில் இங்கே திரும்புகிறவர்கள் எத்தனை பேர்! சிப்காட் ஆலைகளில் மோட்டார் வண்டியும் கடிகாரமும் மின்னணுச் சாமானும் செய்ய ஒரிசா, ஜார்க்கண்ட், பீகார், அஸ்ஸாமிலிருந்து வாலிபர்களும் பெண்களும் வந்து விடுதிகளில் இருக்கின்றார்கள். லாரிகள் இரவெல்லாம் நின்று போகின்றன. சரக்குக்கும் வண்டிக்கும் எல்லையில் காகிதம் கேட்ட காலமுண்டு. கிருமியிடம் ஒருவரும் காகிதம் கேட்டதில்லை. அதற்குத் தமிழும் கன்னடமும் ஒன்றே.

ஒருவன் முதல் மாத்திரையை ஓசூரில் வாங்குகிறான். இரண்டாம் மாத்திரையை அத்திப்பள்ளியில் வாங்குகிறான். மூன்றாவதைத் தன் சொந்த ஊரில் வாங்குகிறான். மூன்று கடைக்காரர்களில் ஒருவருக்கும் முழுச் சங்கதி தெரியாது. சட்டமோ இருக்கின்றது. செஃபிக்சிம், செஃப்ட்ரையாக்சோன் முதலிய மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்றும், விற்றால் டாக்டர் பெயர், வியாதிக்காரர் பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனி ஏட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்றும் 2014 மார்ச் முதல் விதி அமலில் இருக்கின்றது. ஆனால் "அண்ணா, சூடு" என்று கேட்டு வாங்கும் மாத்திரை எந்த ஏட்டில் ஏறுகின்றது? அது ஏறுவது கிருமியின் ஏட்டில் ஒன்றில்தான்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சுகவாழ்வு மையம் என்று வைத்து, பேரைக் கூவாமல், காசு வாங்காமல் வைத்தியம் செய்கின்றார்கள். குறியைப் பார்த்து உடனே மருந்துப் பொட்டலம் கொடுக்கும் முறையைப் பல ஆண்டுகளாக நடத்தி வந்திருக்கின்றார்கள். சாம்பல் நிறப் பொட்டலத்தில் செஃபிக்சிம் 400 மில்லிகிராமும் அசித்ரோமைசின் 1 கிராமும் இருந்து வந்திருக்கின்றன. பரிசோதனைச் சாலை இல்லாத இடத்தில் வியாதிக்காரனை வெறுங்கையோடு அனுப்பாமலிருக்க அது நல்ல ஏற்பாடே. ஆனால் அந்த முறையில் ஒரு குறை உண்டு: மாதிரி எடுத்துக் கிருமியை வளர்க்காததால், எந்தக் கிருமி, எதற்கு அடங்காதது என்ற கணக்கு கிடைப்பதில்லை. இந்தக் கிருமி மிகவும் நோஞ்சான். உடம்புக்கு வெளியே சீக்கிரம் செத்துவிடும். இரத்தத்தைச் சூடாக்கிச் செய்த "சாக்லேட்" நிறத் தீவனத்தில், கரியமிலவாயு கூட்டிய பெட்டியில், உடம்புச் சூட்டில் வைத்தால்தான் ஓரிரு நாளில் வளரும். ஆகவே மாதிரி எடுக்குமிடத்திற்குப் பக்கத்திலேயே இந்த வசதி வேண்டும்.

வசதி செய்ய முடியாதா? கிருஷ்ணகிரியில் அரசாங்க மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டிருக்கின்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பால்வினை நோய்களுக்கென்றே ஒரு நிலையம் வெகு காலமாக இருக்கின்றது. மரபெழுத்தைப் படிக்கும் சாலையைச் சென்னையில் தமிழ்நாடு அரசாங்கமே 2021 செப்டம்பரில் திறந்தது. அதற்கு முன் நம் கொரோனா மாதிரிகள் பெங்களூருக்கு, இதோ இந்த ஓசூர் எல்லையைத் தாண்டித்தான், போய் வந்துகொண்டிருந்தன. கொரோனாவுக்கு எல்லை தாண்டிப் போன மாதிரி வெட்டைக்கும் போகக்கூடாதா? கொரோனா கௌரவமான வியாதி, இது கௌரவமில்லாத வியாதி என்பதைத் தவிர வேறு தடை என்ன?

பழி போடும் புத்தி

இதைக் கேட்டவுடன் ஒரு கூட்டம், "சரிதான், வடநாட்டான் கொண்டுவந்த வியாதி; லாரிக்காரன் கொண்டுவந்த வியாதி; அந்த மாதிரிப் பெண்கள் கொடுக்கும் வியாதி" என்று கிளம்பும். இது பழைய புத்தி. மேகப்புண்ணுக்கு இத்தாலிக்காரன் பிரெஞ்சு வியாதி என்று பெயர் வைத்தான். பிரெஞ்சுக்காரன் நேப்பிள்ஸ் வியாதி என்றான். நாம் பரங்கிப்புண் என்றோம். எவனுக்கும் தன் வீட்டு வியாதி என்று சொல்ல யோக்கியதை வரவில்லை. இப்போது பக்கத்து விடுதியில் தூங்கும் தொழிலாளியின் தலையில் போடுவது புதுத் தீண்டாமை அல்லவா?

1986ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்டது சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். கண்டுபிடித்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும், இருவரும் பெண்கள். "நம் புண்ணிய பூமியில் அந்த வியாதி வராது" என்று பெரிய மனிதர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் இரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள், இருந்தது. பூமியின் புண்ணியம் கிருமியைத் தடுக்கவில்லை. சோதித்துப் பார்க்கும் அறிவுதான் உபயோகப்பட்டது.

இன்னொரு சந்தேகமும் வரும்: "எழுத்தைப் படித்து யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கண்டுபிடித்துச் சந்தி சிரிக்க வைத்துவிடுவார்களோ?" நியாயமான பயமே. ஆனால் படிப்பது கிருமியின் நூலை, மனிதனுடையதை அல்ல. இரண்டு கிருமி நெருங்கிய சொந்தம் என்று அது சொல்லும். இன்னார் இன்னாருக்குக் கொடுத்தார் என்று சத்தியம் செய்யாது. நடுவில் மூன்றாவது ஆள் இருக்கலாம். ஆகவே பெயரையும் ஜாதியையும் ஆலையையும் விட்டுவிட்டு, வட்டாரமும் தேதியும் மருந்தும் மாத்திரம் குறித்தால் போதுமானது. அந்தக் கணக்கைப் போலீசுக்கோ முதலாளிக்கோ ஊர்ப் பஞ்சாயத்துக்கோ காட்டக்கூடாது என்பதில் நாமும் கண்டிப்பாயிருக்க வேண்டும். பெயர் வெளிவந்தால் ஒருவரும் மாதிரி கொடுக்க வரமாட்டார்கள். ஏடு வெற்றுக் காகிதமாகிவிடும்.

"நாத்திகர்கள் ஒழுக்கம் வேண்டாம் என்கின்றார்கள்" என்றும் சொல்லுவார்கள். நாம் சொல்லும் ஒழுக்கம் வேறு. தனக்கு வியாதி இருப்பது தெரிந்தும் வாய் திறக்காமல் பெண்சாதிக்குக் கொடுத்துவிட்டு, அவள் மலடி என்று இரண்டாம் கலியாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறவன்தான் ஒழுக்கங்கெட்டவன். தலைநிமிர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய் "எனக்கு இது இருக்கின்றது, என்னோடு இருப்பவருக்கும் பாருங்கள்" என்கிறவன் ஒழுக்கமுள்ளவன். கற்பு என்பதைப் பெண்ணின் தலையில் மாத்திரம் கட்டியதால்தான், பெண் தனக்கு இந்த வியாதி என்று சொல்லவே பயப்படுகிறாள். சொன்னால் அவளைத்தான் முதலில் சந்தேகிக்கின்றார்கள்.

செய்ய வேண்டியது

எரிச்சலோ சீழோ கண்டால் மருந்துக்கடைக்கும் லாட்ஜு வைத்தியனுக்கும் போகாதீர்கள். சுகவாழ்வு மையத்துக்குப் போங்கள். போக வெட்கமானால் முதலில் 1097 என்ற நம்பருக்குப் போன் செய்து கேளுங்கள், காசில்லை. உடலுறவுத் துணையையும் அழைத்துப் போங்கள்; ஒருவருக்கு மாத்திரம் மருந்து கொடுப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதாகும். கொடுத்த மருந்து பலிக்காவிட்டால் அதே டாக்டரிடம் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். பலிக்காதவனுடைய மாதிரிதான் எல்லாவற்றிலும் விலை மதிப்புள்ள மாதிரி. ஆணுறையைப் பயன்படுத்துங்கள், அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கமென்ன?

சங்கத்துத் தோழர்கள் அரசாங்கத்தைக் கேட்க வேண்டியதும் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்திலே கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு பகுதி மாதிரிகளின் எழுத்தைப் படிக்க வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கத்துக் கணக்கையும் அந்தப் பக்கத்துக் கணக்கையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். பெயரில்லாமல் ஜனங்களுக்குத் தெரியும்படி வெளியிட வேண்டும். இதை ஆலைத் தொழிற்சங்கங்கள் கேட்கலாம், ஊராட்சிகள் கேட்கலாம்.

புது மருந்து வரும் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். சோலிஃப்ளோடசின் என்ற புது மருந்தை 5 நாடுகளில் 930 பேருக்குக் கொடுத்துச் சோதித்து, பலிக்கின்றது என்று 2023இல் அறிவித்தார்கள். சந்தோஷமே. ஆனால் சல்பா வந்தபோதும், பெனிசிலின் வந்தபோதும், சிப்ரோ வந்தபோதும் இதே சந்தோஷம்தான். பழைய புத்தியோடு புது மருந்தை விழுங்கினால் அதன் தோல்வியும் அதே ஏட்டில் ஒரு வரியாக ஏறிவிடும்.

தோழர்களே! பார்க்க முடியாத ஏட்டுக்குப் பயந்துகொண்டு, பார்க்கக்கூடிய ஏட்டைப் படிக்காமல் விட்டோம். அதனால் எத்தனையோ பெண்கள் மலடி என்ற பட்டம் சுமந்தார்கள். சித்திரகுப்தன் ஏட்டை மூடிவிட்டுக் கிருமியின் ஏட்டைத் திறந்து படியுங்கள். அதில் எழுதியிருப்பது தலைவிதி அல்ல, நம் கைவரிசை. நம் கையால் வந்ததை நம் கையால் மாற்றலாம்.